குல்டீகா செங்கல் பாலம் (லாட்வியா, 1874): இரும்புப் பாலங்கள் வந்த காலத்தில் ஏன் செங்கல்?

வடகடல்வாசி

வேலைக்காக ரீகாவில் இருக்கிறேன். லாட்வியாவின் மேற்குப் பக்கம் குல்டீகா என்று ஒரு சிறிய ஊர். அங்கே வெண்டா ஆற்றின் குறுக்கே செங்கல்லாலேயே கட்டிய சாலைப் பாலம் ஒன்று இருக்கிறது. 1874-ல் முடித்திருக்கிறார்கள். நீளம் 164 மீட்டர், அகலம் 8 மீட்டர், ஏழு கண். எதிரும் புதிருமாக இரண்டு குதிரை வண்டிகள் உரசாமல் போகட்டும் என்று வைத்த அகலம் அது. இன்றைக்கும் அதன்மேல் கார் போகிறது.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று: இதே நாட்டில், ரீகாவில் டௌகாவா ஆற்றின்மேல் 1872-லேயே இரும்பு ரயில் பாலம் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து இங்கே ஏன் செங்கல்லுக்குப் போனார்கள்? பணமா, பழக்கமா?

இரண்டாவது: 1915-ல் ரஷ்யப் படை பின்வாங்கும்போது இந்தப் பாலத்தில் இரண்டு கண்களை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. மறுபடி கட்டியது 1926-ல். இடையில் பதினோரு வருடம் மீதி ஐந்து கண்ணும் விழாமல் நின்றிருக்கின்றன. ஒரு வளைவு போனால் பக்கத்து வளைவும் சாயும் என்று படித்ததாக ஞாபகம். கட்டுமானம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒருவரிச் சந்தேகம்

'ஐரோப்பாவிலேயே நீளமான செங்கல் பாலம்' என்று சுற்றுலாப் பக்கங்களில் போடுகிறார்களே, அந்தப் பாலம்தானே இது? ஜெர்மனியில் கோல்ட்ஷ் பள்ளத்தாக்குப் பாலம் 574 மீட்டர். 1851-லேயே கட்டியாயிற்று. 2 கோடி 60 லட்சம் செங்கல். 164 எங்கே, 574 எங்கே?

வடகடல்வாசி

அது ரயில் பாலம். இங்கே பேச்சு சாலைப் பாலத்தைப் பற்றி. அதிலும் 'மிக நீளமானவற்றுள் ஒன்று' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சண்டை இல்லை.

ஒருவரிச் சந்தேகம்

'ஐரோப்பாவில்', 'சாலைக்கு', 'செங்கல்லில்', 'ஒன்று'. இத்தனை வேலி போட்டால் எங்கள் தெருமுனைக் கல்வெர்ட்டும் ஏதாவது ஒன்றில் முதலிடம் வரும்.

தூணும் துலாவும்

பட்டத்தை விடுங்கள். இழை தொடங்கியவரின் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பாலப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வளைவு தன் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். எவ்வளவு தட்டையான வளைவோ அவ்வளவு அதிகமாகத் தள்ளும். தோராயக் கணக்கு இதுதான்: ஒரு மீட்டருக்கு எவ்வளவு சுமை என்பதைக் கண்ணின் அகலத்தின் (தூணுக்குத் தூண் இடைவெளியின்) வர்க்கத்தால் பெருக்கி, வளைவின் உயரத்தைப்போல எட்டு மடங்கால் வகுத்தால் பக்க உந்தல் கிடைக்கும். வரிசையாகக் கண்கள் இருக்கும்போது நடுத்தூணின் இடப்பக்கம் ஒரு வளைவு தள்ளுகிறது, வலப்பக்கம் இன்னொன்று தள்ளுகிறது. இரண்டும் சமமாகிவிடுவதால் தூணுக்கு நேர்ச்சுமை மட்டும்தான். இரு கோடியிலும் கரையோடு கட்டிய பெரிய கட்டுமானம் கடைசி உந்தலை வாங்கிக்கொள்ளும்.

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெரோனே என்ற பொறியாளர் இதை நம்பித்தான் தூண்களை ஒல்லியாக்கினார். பாரீஸ் பக்கத்து நூய்யி பாலம் அவருடையது. ஆற்றுக்கு வழி நிறையக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அங்கே ஒரு கண் போனால் பக்கத்துத் தூணுக்கு ஒருபக்க உந்தல் மட்டும் மிஞ்சும். ஒல்லித் தூண் அதைத் தாங்காது, சாயும். அது சாய்ந்தால் அடுத்தது. அதனால்தான் நீளமான பாலங்களில் சில கண்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஒரு தடித்த தூண் வைப்பார்கள். சேதம் அதோடு நிற்கும்.

குல்டீகாவில் மீதிக் கண்கள் நின்றன என்றால், உடைந்த இடத்தை ஒட்டிய தூண் தன்மேல் விழுந்த ஒருபக்க உந்தலைத் தன் எடையாலேயே தாங்கியிருக்க வேண்டும். 164-ஐ ஏழால் வகுத்தால் தூண் கனத்தையும் சேர்த்து ஒரு கண்ணுக்கு 23 மீட்டர் வருகிறது. அதாவது வளைவு ஒவ்வொன்றும் 20 மீட்டருக்கு முன்பின். மிதமான அகலம்தான். தூணும் கட்டையாக இருக்கிறது. கட்டியவர்கள் அழகுக்காக ஆபத்தை வாங்கவில்லை என்பது என் கணிப்பு.

வடகடல்வாசி

நன்றி மேடம், இது போதும் எனக்கு. இத்தனை தெளிவாக யாரும் சொன்னதில்லை. முதல் கேள்விக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

சாந்துச் சட்டி

அதற்கு நான் கொஞ்சம் சொல்கிறேன் தம்பி. மூன்று தலைமுறையாகக் கொத்துவேலை. படிப்பு குறைவு, கை வேலை உண்டு.

செங்கல் மலிவு என்பதால் மட்டும் யாரும் ஆர்ச் போடமாட்டார்கள். ஆர்ச்சுக்குச் செலவே கீழே நிற்கிற சாரத்தில்தான். ஆற்றுக்குள் மரம் நட்டு, வளைவு அளவுக்குப் பலகை அடித்து, அதன்மேல் செங்கல்லை இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் மூன்று வரி கூடப் போனால் சாரம் மறுபக்கம் எக்கிக்கொள்ளும். நடுவில் கடைசி வரியை இறுக்கி அடைக்கிறவரைக்கும் அது ஆர்ச்சே இல்லை, பலகைமேல் அடுக்கிய கல். அடைத்த பிறகும் உடனே சாரத்தைப் பிரிக்கக்கூடாது. சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். சாரத்துக்கு அடியில் செருகிய மர ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்கினால் ஆர்ச் ஒரு நூல் அளவு உட்கார்ந்து தானே பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கீழே நிற்கிறவன் பேசமாட்டான். எங்கள் அப்பா அப்போது வெற்றிலைகூடப் போடமாட்டார்.

அப்புறம், லாட்வியாவில் மரத்துக்குப் பஞ்சமா? காடுதானே அந்த ஊர். மரம் இருக்கிறது, களிமண் இருக்கிறது என்றால் செங்கல் ஆர்ச் போடத் தேவையானது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

தூணும் துலாவும்

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டௌகாவா பெரிய ஆறு, ரீகா துறைமுக ஊர். அங்கே நீளமான இடைவெளிகள் வேண்டும், ரயிலின் சுமையும் உண்டு. ரயில் என்றால் முதலீடும் வேறு. வெண்டாவோ குல்டீகாவில் ஆழமில்லாதது. பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் ஆறு ஒரு டோலமைட் பாறைப் படியிலிருந்து கீழே இறங்குகிறது. அந்த இடத்துக்கு வெண்டா ரும்பா என்று பெயர். பாறை அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஆற்றில் தூண்களை நெருக்கமாக வைப்பது பெரிய பாடு இல்லை. தூண் நெருக்கமாக வைக்க முடிந்தால் இரும்பு எதற்கு?

பால்டிக் கரை முழுக்கச் செங்கல் நாடுதான் என்பதையும் மறக்கக்கூடாது. ரீகாவின் பழைய தேவாலயங்கள் செங்கல். சூளையும் கொத்தனாரும் அந்தப் பக்கம் ஐந்நூறு அறுநூறு வருடப் பழக்கம். இரும்புக்கு ஆள் வெளியிலிருந்து வர வேண்டும், செங்கல்லுக்கு உள்ளூர் ஆள் போதும்.

இன்னொன்று. ரீகாவின் அந்த 1872 இரும்புப் பாலம் இன்று இல்லை. 1914-ல் பக்கத்தில் புது ரயில் பாலம் வந்தது. பழையது போர்களில் அடிபட்டு, ஆற்றில் தூண்கள் மட்டும் நிற்கின்றன. இரண்டு வயது இளைய செங்கல் பாலத்தில் கார் ஓடுகிறது.

ஒருவரிச் சந்தேகம்

அது செங்கல்லின் பெருமை இல்லை அக்கா. ரீகா முக்கியமான இடம், அதனால் அடி அதிகம் விழுந்தது. குல்டீகாவை இரண்டாம் முறை உடைக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிருக்கும்.

தூணும் துலாவும்

இருக்கலாம். ஆனால் ரிப்பேர் என்று வரும்போது வித்தியாசம் உண்டு. இரண்டு கண் போனால் அந்த இரண்டை மட்டும் கட்டி மீதியோடு சேர்த்துவிட முடிந்தது. 1926 என்பது லாட்வியா தனி நாடாகி எட்டு வருடம். புது அரசு, கையில் பணம் குறைவு. முழுப் பாலத்தையும் மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏடும் எழுத்தும்

ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்தப் பாலம் ஏன் அங்கே வந்தது என்று புரியாது.

குல்டீகாவுக்கு ஜெர்மன் பெயர் கோல்டிங்கன். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வீரத் துறவிகளின் கோட்டை ஊர். பிறகு கூர்லாந்து என்ற சிறு நாட்டின் பிரபுக்கள் தங்கும் இடம். அந்தப் பிரபுக்களில் பெயர் பெற்றவர் யாக்கோப் கெட்லர். 1610-ல் இதே ஊரில் பிறந்தவர், 1642 முதல் 1682 வரை ஆண்டவர். கப்பல் கட்டினார், இரும்பு உருக்கினார். அது போதாதென்று கரீபியக் கடலின் டொபாகோ தீவிலும் ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்று முகத்திலும் குடியேற்றம் வைத்தார். உள்ளங்கை அகல நாட்டுக்கு அவ்வளவு ஆசை. பின்னால் வந்த பெரும் வடக்குப் போரில் கோட்டை பாழானது, 1795-ல் கூர்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் போனது. ஆகவே 1874-ல் இந்தப் பாலம் கட்டும்போது ஆட்சி ரஷ்ய ஜாரிடம், ஊரில் பேச்சு ஜெர்மனிலும் லாட்விய மொழியிலும். கட்டியதில் ஃபிரீட்ரிஷ் ஸ்டாப்ரான்ஸ், ஓட்டோ டீட்ஸ் என்ற இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன.

இதற்கு முன் ஆற்றைக் கடக்க மரப்பாலம் இருந்தது. வெண்டா குளிர்காலத்தில் உறையும். வசந்தத்தில் பனிப்பாளம் உடைந்து மிதந்து வந்து மோதும்போது மரத்தூண் எத்தனை வருடம் நிற்கும்?

2023-ல் குல்டீகாவின் பழைய நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ரியாத்தில் நடந்த அதே கூட்டத்தில்தான் நம் நாட்டுச் சாந்திநிகேதனும் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஹொய்சளக் கோயில்களும் ஏறின. நம் பத்திரிகைகள் நம் செய்தியை மட்டும் போட்டன, கூட வந்தவர்கள் யார் என்று யாரும் பார்க்கவில்லை.

ஒருவரிச் சந்தேகம்

அந்த ரும்பா பற்றியும் ஒரு பட்டம் உண்டே. 'ஐரோப்பாவின் மிக அகலமான அருவி'. அகலம் 250 மீட்டர் என்கிறார்கள் சரி. உயரம்?

வடகடல்வாசி

இரண்டு மீட்டருக்குள்.

ஒருவரிச் சந்தேகம்

இரண்டு மீட்டர்! குற்றாலத்தில் பிறந்தவனிடம் போய் இதை அருவி என்று சொல்லிப் பாருங்கள்.

வடகடல்வாசி

கோடையில் தண்ணீர் குறைந்தால் அந்தப் படியின் விளிம்பிலேயே மக்கள் நடந்து போகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வசந்தத்தில் விம்பா என்ற மீன் முட்டையிட மேலே ஏறும். இரண்டு மீட்டர் என்பதால்தான் மீன் துள்ளிப் பார்க்கிறது. யாக்கோப் காலத்தில் விளிம்பில் கூடை கட்டிவைத்து, துள்ளித் தவறி விழுகிற மீனைப் பிடித்தார்களாம். காற்றில் மீன் பிடிக்கும் ஊர் என்று பேர் வந்தது அப்படித்தான். குற்றாலத்தில் அது நடக்காது.

மணல்காற்று

இஸ்ஃபஹானை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் பல வருடம் இருந்தவன், ஈரானுக்குப் போயிருக்கிறேன். செங்கல் சாலைப் பாலம் என்றால் என் கணக்கில் முதலிடம் சீ-ஓ-சே-போல்தான். 33 கண், 298 மீட்டர், 1599-க்கும் 1602-க்கும் இடையில் கட்டியது. ஈரான் மன்னர் ஷா அப்பாஸின் தளபதி அல்லாவெர்தி கான் பொறுப்பில் நடந்த வேலை. ஊரின் சஹர்பாக் பெருவீதியை ஆற்றின் தென்கரைக்குக் கொண்டுபோகிற பாலம். அந்தப் பக்கம்தான் ஆர்மேனியர்களுக்கு ஷா கொடுத்த புது ஜூல்ஃபா குடியிருப்பு. அடியில் கல், மேலே செங்கல். கொஞ்சம் கீழே ஹாஜூ பாலம், 1650 வாக்கில் இரண்டாம் ஷா அப்பாஸ் கட்டியது. 133 மீட்டர்தான், ஆனால் அது பாலமும் அணையும். கண்களில் மதகு அடைத்தால் மேலே தண்ணீர் தேங்கும், பக்கத்துத் தோட்டங்களுக்குப் பாயும். கீழ்ப்படிகளில் சாயங்காலம் ஜனங்கள் உட்கார்ந்து பாடுவார்கள், வளைவின் அடியில் குரல் நன்றாக எழும்பும். நான் கேட்ட அன்றைக்கு ஒரு கிழவர் பாடினார், சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் வரி தெரிந்திருந்தது.

இப்போது இந்தப் பாலங்களுக்கு அடியில் ஓடும் சாயந்தே ரூத் நதி, வருடத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கிறது. பாலம் காய்ந்த மணலில் நிற்கிறது. அடித்தளச் சாந்துக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் வெடிக்கும் என்று அங்குள்ளவர்கள் கவலைப்படுகிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊரே கீழே இறங்குகிறது என்பது இன்னொரு கவலை.

சாந்துச் சட்டி

அவர்கள் சாரூஜ் என்று சொல்வார்களே, சுண்ணாம்பு, களிமண், சாம்பல் எல்லாம் கலந்து அடிப்பது? நாங்கள் கடுக்காய், கருப்பட்டி ஊறவைத்து அடிப்போம். சாமான் ஊருக்கு ஊர் மாறும், அடிக்கிற அடிதான் முக்கியம்.

வடகடல்வாசி தம்பிக்கு ஒரு கேள்வி. அங்கே பழுது பார்த்தபோது இடுக்குகளில் சிமெண்ட் பூசினார்களா, சுண்ணாம்பா? எங்கள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் செங்கல் இடுக்கு முழுக்கச் சிமெண்டை அப்பிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலத்தில் இடுக்கு அப்படியே நிற்கிறது, செங்கல் முகம் பொடிப்பொடியாக உதிர்கிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சுண்ணாம்பு என்றால் இடுக்கு வழியாக மூச்சு விட்டிருக்கும். சொன்னேன், கேட்கவில்லை.

தூணும் துலாவும்

அண்ணன் கேட்டதுதான் குளிர்நாட்டில் உயிர்நாடி. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும். செங்கல்லுக்குள் ஊறிய நீர் இரவில் உறைந்து பகலில் உருகி மறுபடி உறைந்தால் செங்கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்றுவிடும். அதனால் செங்கல் வளைவுப் பாலத்தில் முதல் எதிரி வண்டி இல்லை, மேலிருந்து இறங்கும் மழைநீர்.

வண்டி ஏன் பெரிய பிரச்சினை இல்லை என்று ஒரு சின்னக் கணக்கு. 20 மீட்டர் கண், 8 மீட்டர் அகலம், வளைவும் அதன்மேல் நிரப்பிய மண்ணும் சேர்த்துச் சராசரி ஒரு மீட்டர் கனம் என்று வையுங்கள். 160 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.9 டன் என்றால் ஒரு கண்ணின் சொந்த எடையே 300 டன்னைத் தொடும். அதன்மேல் ஒன்றரை டன் கார் ஏறினால் பாலத்துக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சொந்த எடைதான் செங்கற்களை ஒன்றோடு ஒன்று இறுக்கிவைத்திருக்கிறது. கனமான லாரி வேறு கதை, ஒரே அச்சில் பத்து டன் இறங்கும்.

இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் ரயில் பாலத்தைப் பாருங்கள். புரூனெல் என்ற பொறியாளர் கட்டியது, 1839-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு கண் 128 அடி, உயரம் 24 அடிதான். அவ்வளவு தட்டையான செங்கல் வளைவு விழுந்துவிடும் என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். இப்போதும் அதில் ரயில் போகிறது.

வடகடல்வாசி

சாந்து பற்றி அண்ணன் கேட்டதை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பார்க்கிறேன். 2008-ல் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். சாலை, விளக்கு எல்லாம் அப்போது மாறியது.

ஏடும் எழுத்தும்

ஜூன் நடுக்கோடைத் திருவிழா பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! விடியற்காலை மூன்று மணிக்கு இந்தப் பாலத்தின்மேல் ஆடையில்லாமல் ஓடுகிற கூட்டம் ஒன்று உண்டு.

வடகடல்வாசி

குடும்பத்தோடு படிக்கிற இழை சார் இது. உண்டு, அவ்வளவுதான் சொல்வேன்.

ஒருவரிச் சந்தேகம்

சரி, முடிவாக எது பெரியது? இஸ்ஃபஹானா, குல்டீகாவா?

மணல்காற்று

நீளத்தில் இஸ்ஃபஹான். வயதிலும் அதுதான், 270 வருடம் மூத்தது. ஆனால் அங்கே நடந்துதான் போகலாம், வண்டி விடுவதில்லை.

தூணும் துலாவும்

இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். இஸ்ஃபஹானில் ஆற்றங்கரையில் நின்று ஊரைப் பார்க்க மேடை வேண்டும் என்று ஒரு ஷா நினைத்தார், பாலத்துக்குள்ளேயே அறையும் நடையும் வந்தன. குல்டீகாவில் சாலைக்கு ஆறு குறுக்கே வந்தது, அவ்வளவுதான் தேவை. அலங்காரம் எதுவும் கேட்காத வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஒருவரி தம்பி கேட்கும் பட்டம் இரண்டுக்கும் தேவையில்லை.

வடகடல்வாசி, அடுத்த முறை போனால் மேலே நின்று படம் எடுப்பதோடு விடாதீர்கள். கரையில் இறங்கி வளைவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக உப்பு வழிந்த கோடு இருந்தால் மேலிருந்து நீர் இறங்குகிறது. பக்கச் சுவரை ஒட்டி, அதற்கு இணையாக நீளவாட்டில் விரிசல் இருந்தால், உள்ளே நிரப்பிய மண் சுவரை வெளியே தள்ளுகிறது. 1926-ல் கட்டிய இரண்டு கண் எவை என்று செங்கல் நிறத்திலோ இடுக்கு அளவிலோ பிடிபடுகிறதா என்றும் பாருங்கள்.

சாந்துச் சட்டி

இடுக்கைக் கிட்டத்தில் எடுங்கள் தம்பி, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. சாந்தின் நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

வடகடல்வாசி

எடுக்கிறேன் அண்ணே. ஆகஸ்டில் தண்ணீர் குறையும், அப்போது கரையோரமாக இறங்க வசதி. மீன் துள்ளுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே. வர நினைப்பவர்களுக்கு: ரீகாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது.

ஒருவரிச் சந்தேகம்

பஸ் அந்தப் பாலத்தின் மேலேயே போகுமா?

வடகடல்வாசி

போகாது. பஸ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான்.